காயாத சட்டை

அந்தச் சட்டை ஏன் காயவில்லை என்று வெனிங்குக்கு விளங்கவேயில்லை.

ஆகஸ்ட் மாதம். இந்தோனேசியாவின் யோக்யா நகரத் தென்கோடியில் அந்த மாதம் வெறுங்காலோடு பின்கட்டுச் சிமெண்டுத் தரையில் நிற்க முடியாது. காலையில் கொடியில் போட்ட கனத்த ஜீன்ஸ்கூட நண்பகல் தொழுகை அழைப்புக்குள் அட்டைபோல விறைத்துவிடும். ஆனால் அவள் கணவன் ஹண்டோகோவின் காக்கிச் சட்டை நான்கு நாட்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகில், இடது தோளெலும்புக்குக் கீழே, விரித்த உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரம். அது மட்டும் போகவில்லை.

வெனிங் தையல்காரி. வார நாட்களில் பள்ளிச் சீருடை தைப்பாள். மீதி நேரத்தில், 1949-ஆம் ஆண்டு டச்சுக்காரர்களோடு நடந்த விடுதலைச் சண்டைகளை நடித்துக் காட்டும் அவர்களுடைய குழுவுக்காக அந்தக் காலத்து உடுப்புகளைத் தைப்பாள். புதுக் காக்கித் துணியைத் தேயிலைத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணிகளோடு வேகவைத்தால் எழுபது வயதுத் துணியின் நிறம் வந்துவிடும் என்பது அவள் கண்டுபிடித்தது. துணி எப்படிக் காயும் என்பதும் அவளுக்கு அத்துபடி. மெல்லிய இடம் முதலில் காயும், மடிப்பும் தையலும் கடைசியில். ஈரம் ஓர் இடத்தில் நிற்காது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நூல்வழியே ஊர்ந்து நாலா பக்கமும் பரவும். இந்தச் சட்டையில் காலரும் பைமூடியும் மொரமொரவென்று காய்ந்திருக்க, நடுமுதுகில் மட்டும் ஈரம், தையல் சுண்ணாம்பால் வரைந்ததுபோலத் தெளிந்த விளிம்போடு இருந்தது.

இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள். ஆவி பறந்தது, காய்ந்தது. மடிப்பதற்குள் மறுபடி நனைந்துவிட்டது. மூக்கருகே கொண்டுபோனாள். அப்போதுதான் வெட்டிய மண்ணின் வாசம், அதற்கடியில் ஈரக் கையால் பிடித்த இரும்பின் வாசம்.

துணியிடம் தோற்று அவளுக்குப் பழக்கமில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஈரத்தைச் சுற்றி வட்டமாக வெட்டி எறிந்தாள். அதே காக்கியில் ஒரு துண்டை ஒட்டுப்போட்டு, துவைத்துக் கொடியில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. "வந்தியா வழிக்கு" என்று சட்டையிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

ஹண்டோகோ வெள்ளை உள்பனியனோடு தரையில் உட்கார்ந்து, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பனியனின் இடது முதுகில், விரித்த உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரம்.

"மஸ், முதுகுல என்ன?" என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருடமாக, ஜாவா மனைவிகளின் வழக்கப்படி, அவள் அவனை அண்ணன்முறையில் அப்படித்தான் அழைக்கிறாள்.

பதில் வரச் சற்று நேரமாயிற்று. தூரத்தில் இருப்பவனிடம் யாரோ கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுபோல.

"வேர்வை."

குரல் அவனுடையதுதான். மிளகாய்ச் சம்பலைத் தொடவில்லை. வெறும் சோறு. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தட்டை விரலால் வழித்துக்கொண்டிருந்தான். மேசையில் கிராம்புச் சிகரெட் பெட்டி, பிரித்த நாளிலிருந்து ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குழுவோடு பழைய டச்சுச் சைக்கிள்களில் கோட்டைவரை போகும் வழக்கம். வேட்டைத் தொப்பி, இடுப்பில் தண்ணீர்க் குடுவை, முதுகில் மரத் துப்பாக்கி, அவளுக்குச் செஞ்சிலுவைத் தலைத்துணி. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். நகலெடுக்கும் கடையில் நாளெல்லாம் இயந்திரத்துக்குக் கரித்தூள் நிரப்பும் ஹண்டோகோ, "ஆறு நாள் கரித்தூள், ஏழாம் நாள் தியாகி" என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டு கிளம்புவான். கெண்டைக்காலில் சுற்றும் பட்டித் துணிதான் அவனுடைய தீராத தலைவலி. கணுக்காலில் தொடங்கி மேலே சுற்ற வேண்டும். கால் சரிவாகப் பருக்கிற இடத்தில் துணியை ஒரு முறை தலைகீழாய்த் திருப்பிவிட்டால்தான் நழுவாமல் பிடிக்கும். ஒன்பது வருடத்தில் அவனுக்கு அந்தத் திருப்பு வந்ததில்லை. பாதி வழியில் வால்போல இழுத்துக்கொண்டு வருவான், அவள் குனிந்து கட்டிவிடுவாள்.

அந்த ஞாயிறு அவன் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடியே கட்டினான். குனிந்து காலைப் பார்க்கவில்லை. கைகள் தாமாகச் சுற்றின, திருப்பின, இறுக்கின. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாள்தோறும் இருட்டில் கட்டிக்கொண்டவனின் கைகள்.

வெனிங் வாசற்படியில் நின்றாள். பாராட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"ஹண்டோகோ," என்றாள்.

அவன் திரும்பவில்லை.

"ஹண்டோகோ!"

மற்றக் காலை எடுத்து வைத்துக் கட்டத் தொடங்கினான். பக்கத்து வீட்டுப் புறாக்கள் குறுகுறுத்தன. தண்ணீர்த் தொட்டியில் குழாய் சொட்டியது. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அதை உரக்கச் சொல்லத் துணிவில்லாமல் உதட்டுக்குள்ளேயே சொன்னாள்.

"எழுந்திரு."

விசை தட்டியதுபோல எழுந்து நின்றான். கைகள் பக்கவாட்டில். பார்வை நேரே.

அவள் செய்த தவறு அந்த நொடியில் அவளுக்குப் புரிந்தது.

குலோன் புரோகோ மலையடிவாரத்தில், அறுவடை முடிந்த சர்க்கரைவள்ளித் தோட்டம் ஒன்றில் போன வாரம்தான் நிகழ்ச்சி. அந்த இடத்தில் உண்மையாகவே சண்டை நடந்தது. விழுந்தவர்களை எடுத்துப்போக யாரும் வரவில்லை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். குழுவில் யார் 'சாவது' என்பதைத் தீக்குச்சி எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். அன்று ஏழு பேர். சுடும் சத்தத்துக்கு ஒலிபெருக்கி உண்டு. ஒத்திகையில் அதுவும் கிடையாது, "டோர்!" என்று வாயாலேயே சொல்ல வேண்டும். விதி ஒன்றுதான்: குழல் உன்னைப் பார்த்து டோர் என்றால், மூன்று எண்ணுவதற்குள் விழு. விழாதவனைச் 'சாகா வரம் வாங்கினவன்' என்று வருடம் முழுக்கக் கிண்டல் செய்வார்கள். முடிவில் செஞ்சிலுவைக்காரியான வெனிங் ஊதல் ஊதி, கையிலுள்ள பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுப்புவாள். பெயர் சொல்லித்தான். குழு தொடங்கிய நாளிலிருந்து அதுதான் முறை.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. வட்டார அதிகாரி சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். பட்டியல் பைக்குள் எங்கோ போய்விட்டது. அவள் ஊதலை ஊதிவிட்டுக் கத்தினாள்:

"இங்க படுத்திருக்கிற எல்லாரும் எழுந்திருங்க!"

எல்லாரும்.

ஏழு பேர் எழுந்தார்கள். ஏழு பேர் லாரியில் ஏறினார்கள். அவள் எண்ணினாள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

இப்போது அவள் வீட்டு நடுவில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில், சிமெண்டில், ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

 அவளுக்குப் பயத்தைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. ஒன்பது வருடம். பட்டி கட்டத் தெரியாத அந்த மனிதன் எங்கே?

"தொப்பியப் போடு," என்றாள். "வண்டியில ஏறு. நாம தோட்டத்துக்குப் போறோம்."

குழுவுக்குச் செய்தி அனுப்பவில்லை. மோட்டார் சைக்கிளை அவளே ஓட்டினாள். மரத் துப்பாக்கி இருக்கைக்குப் பக்கத்தில் கட்டியிருந்தது: மகோகனிக் கட்டை, தண்ணீர்க்குழாயில் குழல். பின்னால் உட்கார்ந்தது அவள் இடுப்பைப் பிடிக்கவில்லை. மூச்சும் படவில்லை. மலையேற்றத்தில் இரண்டு பேரோடு முக்கி முனகும் அந்த வண்டி, அவள் ஒருத்தியை மட்டும் சுமப்பதுபோல லேசாக ஏறியது. கண்ணாடியில் பார்த்தாள். தொப்பி. தொப்பிக்குக் கீழே அவள் கல்யாணம் கட்டிக்கொண்ட முகம். இமைக்கவில்லை.

தோட்டத்தில் யாருமில்லை. உச்சி வெயில். நிழல்கள் காலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்தன. மண் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. ஹண்டோகோ விழுந்த இடம் அவளுக்கு நினைவிருந்தது, வாழைப்புதர் ஓரம். அங்கே போனாள்.

மண் நனைந்திருந்தது. சுற்றிலும் புழுதி, நடுவில் ஆள் நீளத்துக்கு ஓர் ஈரம். தலை, தோள், மடங்கிய ஒரு கால். குப்புறப் படுத்த மனிதனின் வடிவம். இடது முதுகில் மட்டும், விரித்த உள்ளங்கை அளவுக்கு, உலர்ந்த மண்.

அங்கே இல்லாத ஈரம் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.

மண்டியிட்டாள். "ஹண்டோகோ, எழுந்திருங்க!"

ஈரம் உப்பியது. மண்ணுக்கடியில் எதுவோ முதுகை உயர்த்தியது. பின்னால் நின்றது ஓரடி முன்னே வைத்தது. ஈரம் அமுங்கிவிட்டது. மறுபடி கூப்பிட்டாள். உப்பியது, ஓரடி, அமுங்கியது. ஒரே கதவு, இரண்டு பேர். ஒருவன் வெளியே நிற்கும்வரை மற்றவன் வர முடியாது.

"படு!" என்று அதைப் பார்த்துக் கத்தினாள். "படுன்னு சொல்றேன்ல!"

அது அவளைப் பார்த்தது. படைவீரன் வழியில் நிற்கும் ஆட்டைப் பார்ப்பதுபோல. படுக்கவில்லை. எழுந்திரு என்றால் எழும். படு என்றால் படுக்காது. எந்த வீரனும் யாரோ சொன்னதற்காக அப்படி விழுந்ததில்லை.

எதற்காக விழுந்தான்?

அவள் ஓடிப்போய் வண்டியிலிருந்து துப்பாக்கியை அவிழ்த்து வந்தாள். கட்டையும் குழாயும். குண்டு போகாது, சத்தம் வராது.  குழலை உயர்த்தினாள். நேரே, அவன் முகத்துக்கு. கன்னத்தில் அந்த மச்சம். மழிக்கும்போது அவன் எப்போதும் கீறிக்கொள்ளும் மச்சம்.

"அவரு முகத்தை அவருகிட்டக் குடுத்துட்டுப் போ," என்றாள். "டோர்."

 குழந்தை விளையாட்டுப்போல ஒலித்தது.

ஒன்று.

காற்றில்லை. வாழையிலை ஒன்று தானாக ஆடியது.

இரண்டு.

அது வாய் திறந்தது. உள்ளே மண்.

மூன்று.

விழுந்தது. குழுவில் எல்லாரும் விழுவதுபோல அல்ல. கல்லிருக்கிறதா என்று பார்த்து, கையை ஊன்றி, ஒருக்களித்து அல்ல. கயிறறுந்த மூட்டைபோல. பற்கள் மண்ணில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு மண் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. வாயால் உறிஞ்சுவதுபோன்ற ஒரு சத்தம்.

வெனிங் ஊதலை ஊதினாள். மூச்சு தீரும்வரை ஊதினாள்.

"ஹண்டோகோ, எழுந்திருங்க!"

ஒரு கை வந்தது. நகங்களில் கருப்புக் கரித்தூள். அவள் அதை இரண்டு கைகளாலும் பற்றி, காலை ஊன்றி, மல்லாந்து விழும்வரை இழுத்தாள். அவன் இருமினான், சேற்றைத் துப்பினான். முகம் முழுக்க மண், கண் மட்டும் சிவப்பு. கெண்டைக்காலில் பட்டித் துணி வால்போல அவிழ்ந்து தொங்கியது.

"ஏன் இவ்வளவு நாளா கூப்பிடல?" என்றான். அவன் பல் கிடுகிடுத்தது. "எல்லாம் கேட்டுச்சு, நிங். ஆடு மேயறது, பிள்ளைங்க ஓடறது. நீ ஊதினே. நான் எழுந்திரிக்கப் போனேன், என் முதுகுல கையை ஊனிக்கிட்டு ஒருத்தன் எழுந்து போனான்."

அவள் அவன் முதுகைத் தடவினாள். சட்டை உச்சி வெயிலில் ஆவி பறக்கக் காய்ந்துகொண்டிருந்தது. எல்லா இடமும் ஒன்றுபோல.

"வீட்டுக்குப் போலாம், மஸ்."

அவன் நகரவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டான்.

"ஜரோத் அண்ணன் பக்கத்துலதான் இருக்காரு," என்றான். "அழுறாரு."

அவள் நிமிர்ந்து தோட்டத்தைப் பார்த்தாள். வாழைப்புதர் ஓரம் மட்டும் பார்த்திருந்தாள். இப்போது முழுத் தோட்டத்தையும் பார்த்தாள். புழுதியில் ஆள் நீளத்துக்கு ஈரங்கள். வரப்பருகே இரண்டு. நடுவில் மூன்று. ஓடையோரம் ஒன்று.

குழுத்தலைவர் ஜரோத்தின் மனைவியைத்தான் முதலில் கைபேசியில் அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"துத்திக் அக்கா, உங்க வீட்டுக்காரர் சட்டை காயுதா?"

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"காயல," என்றாள் துத்திக். "அதுக்கென்ன இப்போ? அந்த மனுஷன் இருபது வருஷம் என்மேல கத்திக்கிட்டே இருந்தாரு. இப்போ நான் சொன்னா எழுந்திரிக்கிறாரு. பாத்திரம் கழுவறாரு. உனக்குக் கேக்குதுல்ல? அப்படியே விட்டுடு, வெனிங்."

வெனிங் வரப்பருகே இருந்த ஈரத்தைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் புழுதி மெல்ல உதிர்ந்து விழுந்தது.

"அவரு கத்தறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா வீட்டை விட்டுத் துரத்துங்க அக்கா. மண்ணுக்குள்ள விடாதீங்க. நீங்க கூட்டிக்கிட்டு வரலைன்னா, துப்பாக்கியோட நான் உங்க வீட்டுக்கு வருவேன்."

வைத்துவிட்டாள். பிறகு கைபேசியை வாயருகே பிடித்து, நடுங்காத குரலில் ஆறு வீட்டுக்கும் ஒரே செய்தியைப் பேசி அனுப்பினாள்:

"வெனிங் பேசறேன். உங்க வீட்டுல இருக்கறது உங்க ஆள் இல்லை. அதைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. 'ஏறு', 'நட'ன்னா கேட்கும். அவரு விழுந்த இடத்துல ஈரம் இருக்கும், அதுக்குப் பக்கத்துல நிறுத்துங்க. படுன்னு சொல்லாதீங்க, படுக்காது. மரத் துப்பாக்கியை முகத்துக்கு நேரா புடிச்சு டோர்னு சொல்லுங்க. மூணு எண்ணுங்க. அது விழுந்து மண்ணுக்குள்ள முழுசாப் போனதுக்கு அப்புறம்தான் ஊதல் ஊதணும். அப்புறம் உங்க ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பேரை மட்டும். எல்லாரும்னு ஒருத்தரும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. சீக்கிரம் வாங்க. ஆறு இடத்துலயும் மண்ணு மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு."