கல்மணிக்கு இரண்டு சாட்சிகள்

கடற்பாசிப் பண்ணையில் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோமு கை கழுவிக்கொண்டிருந்தபோது மணிக்கட்டுப் பட்டை அதிர்ந்தது. கண்சாட்சி அழைப்பு. தூத்துக்குடியில் தெருவுக்கு ஒருவராவது போய்வந்திருக்கிறார்கள். இருந்தாலும் தன் பெயரைப் பார்த்ததும் ஈரக்கையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள். இடம் ஜாவா. இருட்டுவதற்குள் கப்பல். துணைக்கு ஒரு சிநேகிதியைக் கூட்டி வர வேண்டும். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிடலாம்.

சிநேகிதி என்றால் அவளுக்குப் பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்தே ஜெசிந்தாதான். உடனே கூப்பிட்டாள்.

“ஏட்டி, ஜாவாவுக்கு வாரியா?”

“எப்பம்?”

“இப்பந்தான்.”

“அடுப்புல மீன் கொழம்பு கெடக்கே.”

“எறக்கி வச்சிட்டு வா.”

ஜெசிந்தா ரப்பர் செருப்போடு துறைமுகத்துக்கு வந்து நின்றாள். மாற்றுச் சேலைகூட எடுத்து வரவில்லை. கடற்தாவிக் கப்பல் அலைக்கு மேலே எழும்பிப் பறக்க ஆரம்பித்ததும்தான், குழம்பை மூடி வைத்தோமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

முன்னெல்லாம் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து வந்து காட்டுவார்களாம். படம்தான் அத்தாட்சி. எதை வேண்டுமானாலும் படமாக்கித் தரும் இயந்திரங்கள் வந்த பிறகு அந்தக் கதை முடிந்தது. இல்லாத கோட்டைகள் பாடப்புத்தகத்தில் முளைத்தன. இருந்த கோயில்கள் இருந்ததே இல்லை என்று நிரூபிக்கப்பட்டன, பிறகு சாவகாசமாக இடிக்கப்பட்டன. அடிபட்டுத் திருந்திய உலகம் கடைசியில் ஒரு சட்டம் போட்டது. ஒரு பழைய இடம் இருக்கிறது என்றால், ஆண்டுதோறும் உயிருள்ள இரண்டு பேர் நேரில் பார்த்து, தனித்தனியாக, ஒன்றுபோலச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுத்துக் கூட்டி வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தத் திடீர் அழைப்பு. ஓர் இடத்துக்கு ஒருவர் ஆயுளில் ஒரு தடவைதான் போகலாம்.

சனிக்கிழமை கடலுக்குள் இறங்கிப்போன ஒரு பழைய துறைமுகத்தின் படிக்கட்டைப் பார்த்தார்கள். அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. இருவரும் பார்த்ததைச் சொன்னார்கள், பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை காலை கல்மணி மலை.

மலை அடிவாரத்தில் கல் அறுக்கும் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. சாட்சி பிசகினால் இடம் ஐயப்பட்டியலுக்குப் போகும், காவலை எடுத்துவிடுவார்கள். அந்த நாளுக்காகத்தான் அவை காத்திருக்கின்றன என்று காவலதிகாரி சுலாஸ்திரி சொன்னாள். அவள் பேசியதைக் காதிலிருந்த மொழிமாற்றிக் கருவி அச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தது. மேலே ஏறுமுன் இருவரும் விழியாடிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். குழந்தையிலிருந்து எதைப் பார்த்தாலும் பெயரும் விவரமும் ஆடியின் ஓரத்தில் ஓடிக்கொண்டே இருக்கப் பழகிய கண்கள். வெறுங்கண்ணுக்கு முன்னால் மலை ஒன்றும் சொல்லாமல் நின்றது.

உச்சியில், ஒரு தெருவையே கவிழ்த்து மூடிவிடலாம் போன்ற பெரிய கல் மணி. உடம்பெல்லாம் துளைகள். ஒவ்வொரு துளையிலும் காற்று நுழைந்து, காதுக்கு எட்டுமுன் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. யார் செதுக்கினார்கள், எந்தக் கையால் தூக்கி வைத்தார்கள் என்று கேட்கக்கூடக் கோமுவுக்கு வாய் வரவில்லை. ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மணிக்குள்ளே ஓர் அறை உண்டு,” என்றாள் சுலாஸ்திரி. “மூச்சுக்காற்று பட்டால் உள்ளே இருப்பது உதிர்கிறது. அதனால் ஆண்டுக்கு ஒரு தடவை, கண நேரம் மட்டும் திறப்போம். அதைப் பார்த்துச் சொல்வதுதான் சாட்சி.”

“நீங்க பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“நான் கதவுக்குப் பின்னால் நின்று இழுப்பவள். காவலர்கள் பார்க்கக்கூடாது.”

இருவரும் உள்ளே போய் இருட்டில் நின்றார்கள். கல் கதவு நகர்ந்தது. உள்ளிருந்து வெளிச்சமும் குளிர்ந்த காற்றும் முகத்தில் வந்து விழுந்தன. கோமுவின் கைகள் தாமாகத் தலைக்கு மேலே உயர்ந்து குவிந்தன. திரை விலகித் தீபம் காட்டும்போதெல்லாம் செய்வது போலவே, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது கதவு மூடியிருந்தது.

தனித்தனியாகச் சாட்சி சொல்வதற்காக அவளை ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். இதற்காகத்தான் கடல் தாண்டி வந்தது, இதைத்தான் பார்க்கவில்லை. ஜெசிந்தா பார்த்திருப்பாள். சிலை என்று சொல்லிவிடலாமா? அந்தக் காலத்தில் டீச்சரிடம் இருவரும் பேசி வைத்துப் பொய் சொல்லித் தப்பித்ததுண்டு. இங்கே பேசி வைக்க வழியில்லை. ஜன்னல் வழியே பார்த்தால், கீழே அந்த இயந்திரங்கள். ஊகம் தவறினால் அவ்வளவுதான், உண்மையைச் சொன்னாலும் அவ்வளவுதான். ஆனால் அந்த மணியை நினைத்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“உள்ளே என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்டாள் சுலாஸ்திரி.

“பாக்கலைம்மா. கதவு தொறந்ததும் கும்பிட்டு கண்ண மூடிட்டேன்.” அழுகை வந்துவிட்டது. “எம் புத்திய செருப்பால அடிக்கணும்.”

சுலாஸ்திரி ஜெசிந்தா இருந்த அடுத்த அறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

“உங்கள் தோழியும் கண்ணை மூடிவிட்டாராம். ஜெபம் பண்ணினேன் என்கிறார்.”

கோமு தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு கண்சாட்சிகள், இரண்டு பேரும் குருடு.

“கல்மணியைப் பற்றி இயந்திரங்கள் இதுவரை ஆயிரக்கணக்கில் போலிச் சாட்சியம் அனுப்பியிருக்கின்றன,” என்றாள் சுலாஸ்திரி. “தங்கச் சிலை என்றன, காலி அறை என்றன. எல்லாமே உற்றுப் பார்த்தன. ஒன்றுகூடக் கண்ணை மூடவில்லை.” கொஞ்சம் நிறுத்தினாள். “இரண்டு பேர் ஒன்றுபோலச் சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டம். சொல்லிவிட்டீர்கள். உள்ளே இருப்பது இருக்கிறது என்று எழுதப் போகிறேன். இத்தனை வருஷமாக நானும் கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டுதான் இழுக்கிறேன்.”

கடற்தாவி ஊரைப் பார்த்துத் திரும்பியது. மலை கண்ணுக்கு மறைந்த பிறகும் அந்த அதிர்வு நெஞ்சில் நின்றது.

“நீ பாத்திருப்பேன்னுல்லா நெனச்சேன்,” என்றாள் கோமு.

“நானும் அப்படித்தான்.”

“இனி ஆயுசுக்கும் பாக்க முடியாது.”

ஜெசிந்தா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாக்காட்டா என்னட்டி,” என்றாள். “இருக்குல்லா.”