வெளியே மாட்டிய துப்பாக்கி

கிட்ட வாருங்கள், செல்லங்களா. அடுப்போரம் இன்னும் இடமிருக்கிறது. போர்வையைக் காதுவரை இழுத்துக்கொள்ளுங்கள். சுடாத ஒரு துப்பாக்கியின் கதையைச் சொல்லப்போகிறேன். நடுவில் பயமாயிருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

முதலில் கேட்டது ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

லேனா ஆற்றுக்கு வடக்கே, குதிரைகள் பனியைக் குளம்பால் கிளறிப் புல் தின்கிற வெளியில், லார்ச் மரங்களின் விளிம்பில் ஒரு கரடி நின்றது. குளிர்காலம் முழுக்கக் குகையில் தூங்கவேண்டிய பிராணி, அந்த வருடம் தூங்கவில்லை. குட்டிக் குதிரைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அதைச் சுடத்தான் புரோகோப்பி வந்திருந்தான். அவன் விசையை இழுத்தான். வெடிக்கவில்லை. டிக்.

புரோகோப்பி யார் தெரியுமா? சுற்றுவட்டாரத்தில் எவன் துப்பாக்கி மக்கர் செய்தாலும் அவனிடம்தான் வரவேண்டும். வந்தவனின் துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன் ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வையிலேயே பாதிப்பேருக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம் போலிருக்கும். பயம் என்பது வேலை தெரியாதவனுக்கு வரும் வியாதி என்பது அவன் கட்சி. உலகத்தில் வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதும் அவன் கட்சிதான்.

சுடாமல் போன தோட்டாவை உடனே எடுக்கக்கூடாது. சில சமயம் தாமதமாக வெடித்து முகத்தைக் கொண்டுபோய்விடும். எனவே குழலைக் கரடி மேலேயே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். கரடியும் அசையாமல் நின்றது. அது அவனைப் பார்க்கவில்லை. அவன் துப்பாக்கியின் போல்ட்டை, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி அடங்கிய அந்த இரும்பு உருளையைப் பார்த்தது. பிறகு, கடைக்கு வந்து விலை கேட்டுவிட்டுப் போகிறவன் மாதிரி, அவசரமில்லாமல் மரங்களுக்குள் போய்விட்டது.

“மச்சான்,” என்றான் புரோகோப்பி, திரும்பாமலே. “போல்ட்டுக்குள்ள எண்ணெய் ஊத்தினியா?”

பின்னால் நின்ற மிச்சில் அவன் பெண்டாட்டியின் தம்பி. அந்தக் குதிரைகளை மேய்ப்பவன். “நான் தொடவே இல்ல அத்தான். தொட்டா கைய ஒடிப்பேன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“உங்க அக்கா அப்பம் சுடற சட்டியில கூட இவ்வளவு எண்ணெய் இருக்காதுடா.”

“ஊர்ல வச்சு நீங்கதானே அத்தான் தொடைச்சு மாட்டினீங்க?”

புரோகோப்பிக்கு அந்தக் கேள்வி காதில் விழவில்லை. விழாதபடி பார்த்துக்கொண்டான். தோட்டாவை எடுத்து அதன் அடியைப் பார்த்தான். செப்புப் பொட்டின் நடுவில் ஊசி பட்ட தடம், கொசு கடித்த அளவுக்கு. ஆழமாகக் குத்தவேண்டிய ஊசி சும்மா தொட்டுவிட்டு வந்திருக்கிறது. குளிரில் எண்ணெய் கெட்டியாகி ஊசியைப் பிடித்திருக்கும், வேறென்ன? மிச்சிலின் மேய்ச்சல் குடிசைக்கு வந்து வாசலில் நின்றபடியே போல்ட்டைக் கழற்றினான். ஸ்பிரிங்கையும் ஊசியையும் பெட்ரோலில் அலசி, துளியும் ஈரமில்லாமல் துடைத்து மாட்டினான். ஒரு அடிமரத்தைக் குறிபார்த்துச் சுட்டான். காடு அதிர்ந்தது. கிளைகளிலிருந்து பனி கொட்டியது.

“பாத்தியா? அறிவு இருக்கிறவன் கை பட்டா இரும்பு கூட கேக்கும்.”

அன்று துப்பாக்கியை வாசலுக்கு வெளியே, கூரைச் சரிவுக்குக் கீழே இருந்த மரமுளையில் மாட்டினான். எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் துப்பாக்கி வீட்டுக்குள் வராது. சூட்டுக்கு வந்தால் இரும்பு வேர்க்கும். மறுபடி வெளியே போனதும் வேர்வை உறையும். ஊசி தன் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் மனிதன் உள்ளே, துப்பாக்கி வெளியே, நடுவில் ஒரு கதவு. நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

மறுநாள் கரடி வைக்கோல் போர் வரைக்கும் வந்தது. அவ்வளவு கிட்டத்தில் கண் தெரியாதவன்கூடத் தவறவிடமாட்டான். புரோகோப்பி விசையை இழுத்தான்.

டிக்.

இம்முறை போல்ட்டைக் கழற்றவே முடியவில்லை. உள்ளே கல் மாதிரிப் பனிக்கட்டி. கரடி ஒரு குட்டிக் குதிரையைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு அவர்கள் முன்னாலேயே நடந்து போனது.

புரோகோப்பி மிச்சிலைப் பார்த்தான். அந்தப் பார்வை.

“ராத்திரி துப்பாக்கிய உள்ள எடுத்துட்டு வந்து கட்டிப்பிடிச்சுப் படுத்திருந்தியா?”

“ஐயோ, இல்ல அத்தான்.”

“அப்ப அது தானா உள்ள வந்து குளிர்காய்ஞ்சிட்டுப் போச்சா?”

மிச்சில் மரங்களின் பக்கம் ஒருமுறை பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். “ராத்திரி கதவுக்கு வெளிய ஒரு சத்தம் கேட்டுச்சு. யாரோ வாயத் தெறந்து மூச்சு விடற மாதிரி. ஹா... ஹா...ன்னு. ரொம்ப நேரம். எழுப்பினா திட்டுவீங்கன்னு படுத்துட்டேன். தாத்தாவா இருக்குமோன்னு...”

“எந்தத் தாத்தா?”

“அவருதான்.” காட்டில் அதன் பெயரைச் சொன்னால் அதற்குக் கேட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

“கரடின்னு சொல்லு! வாய் வெந்துடாது. கரடி, கரடி, கரடி. பாத்தியா, எனக்கு ஒண்ணும் ஆகல.” புரோகோப்பி சிரித்தான். “கரடி வந்து என் துப்பாக்கிய ஊதிட்டுப் போச்சாம். குதிரைச் சாணி அள்ளறவன் மூளைக்கு வேற என்ன தோணும்? கெளம்பு. ஆத்துக்கு அந்தப் பக்கக் குடிசையில ஆளுங்க இருக்காங்க. அங்க இருக்கறதுல எவனாவது உருப்படியானவன அனுப்பிட்டு நீ அங்கயே கெட.”

“கையில ஒண்ணும் இல்லாமயா அத்தான்? அவரு இங்கயேதான் சுத்துறாரு...”

“சுடாத துப்பாக்கிய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? கோடாலிய எடுத்துக்க.”

மிச்சில் சறுக்குக்கட்டைகளை மாட்டிக்கொண்டு, கோடாலியை முதுகில் செருகிக்கொண்டு போனான். மரங்களுக்குள் மறையும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். புரோகோப்பி அதற்குள் கதவைச் சாத்திவிட்டான்.

அந்தி சாய்வதற்குள் ஆள் வந்திருக்கவேண்டும். வரவில்லை. மிச்சில் அங்கே சூடாகத் தேநீர் குடித்துக்கொண்டு என்னைப் பற்றி ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பான் என்று புரோகோப்பி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறுநாள் விடிந்தும் யாரும் வரவில்லை. துப்பாக்கியை முளையிலிருந்து எடுத்தான். முந்தின நாள் பெட்ரோல் ஊற்றிக் கரைத்துவைத்த போல்ட் மறுபடி உறைந்திருந்தது.

இப்போது திட்டுவதற்கு ஆள் இல்லை, செல்லங்களா. அதுதான் அவனுக்கு முதலில் பயமாயிருந்தது.

துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழல் காய்ந்து கிடந்தது. குறிக்கண்ணாடியில் ஒரு துளி பனி இல்லை. மரக்கட்டையும் அப்படியே. உள்ளே கொண்டுபோயிருந்தால் எல்லாமே வேர்த்து வெளுத்திருக்கும். போல்ட் மட்டும்தான் வெளுத்திருந்தது, அதைச் சுற்றி ஒரு வாயகலத்துக்கு மட்டும். குதிரையின் மூக்கைச் சுற்றிப் படிகிற மாதிரி, கழுத்துத்துணியில் உதட்டுக்கு நேரே படிகிற மாதிரி, அடுக்கடுக்காய், இறகு இறகாய். முகர்ந்து பார்த்தான். பால் குடித்துத் தூங்கும் சிசுவின் வாயில் வருமே, அந்தப் புளித்த வாடை.

முளைக்குக் கீழே பனியில் அவன் காலடிகள் தவிர வேறு தடம் எதுவும் இல்லை.

மிச்சில் பொய் சொல்லவில்லை. கேட்க ஒருவரும் இல்லாத அந்தக் காட்டில்கூட அதை வாய்விட்டுச் சொல்லப் புரோகோப்பிக்கு மனம் வரவில்லை. “முட்டாப்பய,” என்றான் அதற்குப் பதிலாக. “காதப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன்.” வெறுங்கையுடன் அந்தக் காட்டுக்குள் போகமுடியாது. துப்பாக்கி சுட்டாகவேண்டும். சுட்டால் மிச்சிலைத் தேடிப் போகலாம். சுடாவிட்டால் பெண்டாட்டி முகத்தில் விழிக்கமுடியாது.

வெளியிலேயே நின்று வேலை செய்தான். விரல்கள் மரத்துப்போயின. பெட்ரோலை ஊற்றி, குலுக்கி, மறுபடி ஊற்றி, பனிக்கட்டியைக் கரைத்தான். ஊசித் துளையைக் குச்சியில் சுற்றிய துணியால் துடைத்தான். தன் மூச்சுகூட இரும்பின் மேல் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டே மாட்டினான். புதுத் தோட்டா. அடிமரம். விசை. இடி மாதிரி வெடித்தது. இன்னொன்று. அதுவும் வெடித்தது. பொட்டுகளில் குழி ஆழமாக, நடுவில், அழகாக விழுந்திருந்தது. தோட்டாக்களை நிரப்பித் துப்பாக்கியை முளையில் மாட்டிவிட்டு, கையுறையும் கழுத்துத்துணியும் எடுக்க உள்ளே போனான். ஒரு நிமிட வேலை என்றுதான் நினைத்தான்.

கிளம்புகிறவன் நெருப்புக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் கிளம்புவான். புரோகோப்பி அதையெல்லாம் செய்கிறவனில்லை. அன்று அவன் கை தானாகவே ஒரு அப்பத்துண்டைப் பிய்த்து அடுப்புக்குள் போட்டது. “தின்னு,” என்றான் எரிச்சலாக. நெருப்பு சடசடத்தது. பிறகு தணிந்தது. மரத்த விரல்கள் மறுபடி அசைகிற வரை அடுப்போரம் நின்றான்.

வெளியே, மதியத்திலேயே சாய்கிற குளிர்காலச் சூரியன் அதற்குள் விழுந்துவிட்டிருந்தது. சின்னஞ்சிறு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகப் பதித்த பனிக்கட்டிப் பலகை நீலமாகி, சாம்பலாகி, கறுத்தது. குதிரைகளின் சத்தம் இல்லை. அடுப்பு இரும்பு சுருங்கும் ‘டொக்’ சத்தம், தன் காதுக்குள் ஓடும் ரத்தத்தின் சத்தம், அதற்கு அப்பால், கதவுக்கு அந்தப் பக்கம், வாய் திறந்த ஒரு மூச்சு.

ஹா.

ஹா.

மெதுவாக. பொறுமையாக. கண்ணாடியைத் துடைக்க ஊதுகிற மாதிரி.

புரோகோப்பி கையுறையோடு நின்றான். துப்பாக்கி வெளியே. கோடாலி மிச்சிலிடம். உள்ளே ரொட்டி வெட்டும் கத்தி மட்டும்.

“அத்தான்.”

குரல் தூரத்தில் கேட்டது. மரங்களுக்குள்ளிருந்து. மிச்சிலின் குரல்தான்.

“அத்தான். கதவத் தெறங்க. குளுருது.”

அவனுக்கு, சொல்லவே வெட்கம், சந்தோஷமாயிருந்தது. வந்துவிட்டான். முட்டாள்பயல் வந்துவிட்டான். அவனுக்கும் கதவுக்கும் நடுவில்தான் அந்த மூச்சு இருக்கிறது. துப்பாக்கியை எடுத்துவிட்டால் போதும். இன்று அது சுடும்.

“அங்கயே நில்லுடா!” என்று கத்தினான். “அசையாத! நான் வர்றேன்!”

மூச்சு நின்றது.

கதவை ஒரு சாண் திறந்தான். குளிர் வெண்புகையாய் உள்ளே உருண்டது. எதுவும் தெரியவில்லை. கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு, விசைக்காக விரலை வெறுமையாக்கி, கையை மட்டும் வெளியே நீட்டினான்.

முளை. தோல்வார். குழல், எரிகிற குளிர். இன்னும் கீழே.

போல்ட்.

சூடாக இருந்தது.

ஈரம். மெத்தென்று ஏதோ. சுற்றிலும் ஒரு விளிம்பு. விளிம்புக்குள் பல். பல்லுக்குப் பின்னால் ஒன்று அசைந்து, அவன் விரலை நக்கியது.

கையை இழுத்தான். வரவில்லை. ஈரம் உறைந்துகொண்டிருந்தது. விரல்கள் இரும்போடு ஒட்டிக்கொண்டன.

“அத்தான்,” என்றது குரல், மரங்களுக்குள்ளிருந்து, தூரத்தில். “குளுருது.”

இன்னொரு கையால் விளக்கை எடுத்தான். காலால் கதவைத் தள்ளினான்.

மிச்சில் நின்றுகொண்டிருந்தான். பாதங்கள் பனியைத் தொடவில்லை. திறந்த கண்களில் பனி பூத்திருந்தது. போல்ட் முழுவதும் அவன் வாய்க்குள். உதடுகள் இரும்போடு உறைந்திருந்தன. மேல்சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை திறந்து கிடந்தது. உள்ளே விலா எலும்புகள். எலும்புகளுக்குள் ஒன்றுமில்லை, சுத்தமாக நக்கித் துடைத்திருந்தது. அந்தக் காலியான நெஞ்சுக்கு அந்தப் பக்கம், நிமிர்ந்து நிற்கும் கரடி உயரத்துக்கு, இருட்டு. இருட்டிலிருந்துதான் மூச்சு வந்தது. அவன் முதுகு வழியாக, விலா வழியாக, தொண்டை வழியாக, போல்ட்டுக்குள்.

ஹா.

உதடுகள் கிழிந்து இரும்பைவிட்டு மெல்லப் பிரிந்தன. மிச்சிலின் வாய், திறந்தபடியே, புரோகோப்பியின் முகத்துக்கு நேரே திரும்பியது.

அவ்வளவுதான், என் தங்கங்களே. கையை விடவேண்டாம், பிடித்துக்கொண்டே இருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் குதிரைகள் குட்டிகளோடு திரும்பட்டும். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிற ஒவ்வொருவரும், தங்கள் கால்களால் நடந்து, தங்கள் மூச்சைத் தாங்களே விட்டுக்கொண்டு வீடு வந்து சேரட்டும்.