மூன்று ஷிப்ட் மகாராஜா

ராஜாக்களைப் பற்றிச் சொல்லும் கதைகளில் பாதிக்கு மேல் புளுகு. புலவர் ஒரு பாட்டுப் பாடினாராம். ராஜா உடனே ஒரு யானையைக் கொடுத்தாராம். அந்த யானைக்கு மறுநாள் தீனி போட்டது யார்? அதை மட்டும் எவனும் எழுதி வைக்கவில்லை.

ஆறாம் வகுப்புப் படிக்கும் சத்யப்பிரியாவுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. அதனால் அவளே ஒரு நாடகம் எழுதினாள். பெயர், 'மாமன்னர் மீசைவர்மன்'. நெய்வேலியில் அவர்கள் பிளாக் பூங்காவில் கோடை விடுமுறை விழா. அங்கே மாலையில் நாடகம். அவள் எழுதிய முதல் நாடகம். ஒரு வாரமாகத் தூக்கத்தில்கூட வசனம் சொன்னாள்.

விழா அன்று காலை பத்து மணிக்கு நாடகம் நின்றுபோனது. ஒரு ராஜா வேடத்துக்கு மூன்று பையன்கள் அடித்துக்கொண்டார்கள்.

"சிம்மாசனம் எங்க வூட்டு நாற்காலி. நான்தான் ராஜா. என் பேர்லயே ராஜ் இருக்கு," என்றான் விஜயராஜ். அது சுற்றுகிற நாற்காலி. ராஜா எந்தப் பக்கமும் பார்க்கலாம்.

"கிரீடம் நான் செஞ்சது. மூணு நாள் ஒட்டினேன். என் விரலே ஒட்டிக்கிச்சு," என்றான் பிரவின்குமார்.

"பட்டு அங்கி எங்க கடைத் துணி. அத்தாகிட்ட கெஞ்சி வாங்கியாந்தேன்," என்றான் அஜ்மல்.

"அப்ப நீ துணிக்கு மட்டும் ராஜாவா இருடா."

"நீ நாற்காலிக்கு ராஜாவா இரு!"

"டேய், நான்தான் பர்மனென்ட் ராஜா. நீங்க ரெண்டு பேரும் கான்ட்ராக்ட் ராஜா," என்று விஜயராஜ் கத்தினான்.

அவ்வளவுதான். அவனவன் தன் பொருளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். சிம்மாசனம் கடகடவென்று உருண்டு போனது.

விழாவை நடத்தும் கமலா ஆன்ட்டி வந்தார்.

"நாலு மணிக்குள்ள சமாதானம் பண்ணு சத்யா. இல்லன்னா நாடகத்தை எடுத்துட்டு லெமன் ஸ்பூன் ரேஸ் வெச்சுடுவேன்."

சத்யப்பிரியா சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம் என்றாள். மூன்று பேரும் வரமாட்டோம் என்றார்கள். தோற்றுவிடுவோம் என்ற பயம்தான். வேறென்ன?

மூன்றரை மணிக்கு அவள் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தார். சுரங்கத்தில் பெரிய மண்வெட்டும் இயந்திரத்தில் அவருக்கு வேலை. காலை ஷிப்ட் இரண்டு மணிக்கே முடிந்துவிடும்.

"ஏம்ப்பா இவ்வளவு லேட்?" சோறு போட்டபடியே கேட்டாள்.

"ரிலீவர் வரலைம்மா. அடுத்த ஷிப்ட் ஆளு வந்து உக்காந்தாத்தான் நான் எறங்கலாம். மிஷினை அநாதையா விட்டுட்டு வர முடியுமா?"

சத்யப்பிரியா கரண்டியைக் கீழே வைத்தாள். வாசலுக்கு ஓடினாள்.

"ஏய், சாம்பார்!" என்று அப்பா கத்தியது தெருவரைக்கும் கேட்டது.

அவள் மூன்று பேரையும் பூங்காவுக்கு இழுத்து வந்தாள்.

"ராஜாவுக்கும் ஷிப்ட்! மீசைவர்மன் ஒருத்தர்தான். ஆனா மூணு ஆளு. காலையில பிரவின், மத்தியானம் விஜி, ராத்திரி அஜ்மல். அடுத்த ராஜா வந்து கிரீடத்தை வாங்கறவரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது. சிம்மாசனம் காலியா இருந்தா எதிரி பிடிச்சுடுவான்."

"ராத்திரி ராஜாவுக்கு என்ன வேலை? தூங்கறதா?" அஜ்மல் சந்தேகமாகக் கேட்டான்.

"மாறுவேஷத்துல நகர்வலம்."

"அப்ப பட்டு அங்கி தெரியாதே?"

"அங்கி மேல ஒரு துண்டு போட்டுக்கோ. எல்லா ராஜாவும் அப்படித்தான் போனாங்களாம். ஜனங்களுக்கு அடையாளமே தெரியலையாம்."

அஜ்மலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். கமலா ஆன்ட்டி எலுமிச்சம்பழங்களைப் பைக்குள் திரும்பப் போட்டார்.

ஆறு மணிக்கு நாடகம் தொடங்கியது. சத்யப்பிரியாதான் மந்திரி. பக்கத்து வீட்டுக் குட்டிப்பெண் ஹுமா புலவர். அவள் இரண்டு வரி பாடியதும் பிரவின் ராஜா எழுந்தான்.

"புலவரே, பிடியும் ஒரு யானை!"

"வேணாம் மன்னா. எங்க குவார்ட்டர்ஸ்ல ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை," என்றாள் ஹுமா.

கூட்டம் சிரித்தது. மந்திரி ஷிப்ட் மணிக்குப் பதிலாக ஒரு தட்டை அடித்தாள். ஷிப்ட் மாறியது. பிரவின் கிரீடத்தையும் அங்கியையும் விஜயராஜிடம் கொடுத்தான். "நாட்டில் கோளாறு ஒன்றுமில்லை. வடக்குவாசல் கதவு மட்டும் கிறீச் என்கிறது. எண்ணெய் விட்டுவிடு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

"மந்திரி! அரண்மனையிலிருந்து கோயிலுக்கு ரகசியச் சுரங்கப்பாதை இருக்கிறதாமே?" என்று விஜயராஜ் முழங்கினான்.

"எங்க அப்பா இருபது வருஷமா தோண்டறார் மன்னா. நிலக்கரிதான் வருது."

இப்போது அப்பாக்கள் எல்லோரும் கைதட்டினார்கள். சத்யப்பிரியா மறுபடி தட்டை அடித்தாள்.

அஜ்மல் வரவில்லை.

இன்னொரு முறை அடித்தாள். வரவில்லை. மேடைக்குப் பின்னாலிருந்து வாசனைதான் வந்தது. பண்ருட்டிப் பலாப்பழம்! கமலா ஆன்ட்டி பழத்தை அறுத்துவிட்டார். அஜ்மல் அங்கேதான் இருந்தான்.

"மந்திரி, ரிலீவர் எங்கே?" என்றான் விஜயராஜ். மூக்கு பின்பக்கம் திரும்பியது. நாற்காலியும் கூடவே சுற்றியது.

"எறங்காத தம்பி! ரிலீவர் வரல!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

"பழம் தீந்துடும் சத்யா!" ராஜாவுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. கிரீடத்தைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்து நீட்டினான். "யாராவது வந்து ராஜாவா இருங்களேன்! ப்ளீஸ்!"

ஒருவரும் வரவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் வாய் நிறையச் சுளையோடு பின்னால் நகர்ந்தார்கள்.

இவன் இறங்கினால் நாடகம் போச்சு. உட்காரச் சொல்லவும் பாவமாக இருந்தது. சத்யப்பிரியா பின்பக்கம் பாய்ந்தாள். ஒரு தட்டு நிறையச் சுளைகளோடு திரும்பி வந்தாள்.

"மாமன்னா! பண்ருட்டிச் சிற்றரசர் பயந்துபோய்க் கப்பம் அனுப்பியிருக்கிறார்!"

விஜயராஜ் கிரீடத்தை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "கொண்டு வா கப்பத்தை!" என்றான். பூங்கா அதிர்ந்தது.

தட்டு கிட்டத்தட்டக் காலியானபோதுதான் அஜ்மல் ஓடி வந்தான். தோளில் துண்டு, கையெல்லாம் பிசுபிசுப்பு.

"நான் வந்துட்டேன், எறங்குடா!"

"போடா. கப்பம் முடியாம எறங்க மாட்டேன்."

"என் ஷிப்ட்டுடா!"

"லேட்டா வந்தது யாரு?"

இரண்டு ராஜாக்களும் ஒரே சமயத்தில் தட்டைப் பார்த்தார்கள். ஒரே ஒரு சுளை இருந்தது. மந்திரி அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"இது எனக்கு ஓவர்டைம்," என்றாள்.