மூன்றாவது பேட்டரி

கம்ப்ரசர் நிற்கவே இல்லை.

வேனுக்குள் பலகைப் படுக்கையை ஒட்டி வைத்திருந்த அந்தச் சின்ன ஃப்ரிட்ஜ் கொஞ்ச நேரம் உறுமும், போதிய குளிர் வந்ததும் டக்கென்று அடங்கிவிடும். இரண்டு வாரமாக அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது பழகிப்போயிருந்தது. இன்றைக்கு வறண்ட ஏரிக்கரையில் வேனை நிறுத்தி, டீ போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று. காய்ந்த சேற்று வாடையும் வெயிலில் வெந்த தகர வாடையும் புழுக்கத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ள, வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருக்க, உறுமல் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"டேய், சூடா எதையாவது உள்ள திணிச்சியா? இந்தக் கத்து கத்துது!"

தம்பி பலகையில் சுருண்டு படுத்திருந்தான். தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

உள்ளே இருந்ததெல்லாம் தண்ணீர் பாட்டிலும் அவனுடைய இன்சுலினும்தான். மருந்துக்காக ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜுக்காக இரண்டாவது பேட்டரி. "சர்க்கரை வியாதிக்காரப் பையனைக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்தப் போறாளாம், கொழுப்பைப் பாரு!" என்று சித்தி சொன்ன அன்றைக்கே போய் அதை வாங்கி வந்தாள். வண்டி கிளப்புகிற பேட்டரியை ஃப்ரிட்ஜ் தின்றுவிடக் கூடாது என்று தனியாக இன்னொன்று. என்ஜின் ஓடும்போது இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஏறும், நின்றால் பிரிந்துவிடும். வயர் இழுத்தது, ஃப்யூஸ் போட்டது, எல்லாம் அவள் கை வேலை. நோய் வந்துவிட்டால் இருபது வயதுப் பையன் நாலு சுவருக்குள்ளேயே கிடக்க வேண்டுமா? அப்படிச் சொல்கிறவர்கள் வாயில் மண் விழ.

பேட்டரி மீட்டரைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் ஓடியும் ஊசி இம்மியும் இறங்கவில்லை. பரவாயில்லையே, நம் கைவேலை சோடை போகவில்லை என்று ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் கீழே கண் போனது.

ஃப்ரிட்ஜின் பிளக் தரையில் கிடந்தது. மத்தியானம் போனுக்குச் சார்ஜ் போட அவன்தான் பிடுங்கியிருக்க வேண்டும்.

வயர் எதிலும் சேரவில்லை. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மெல்லக் குனிந்து பக்கவாட்டுத் துளைகளில் கை வைத்தாள். அங்கே எப்போதும் வறண்ட சூட்டுக்காற்று வரும். இப்போது வந்தது ஈரமாக இருந்தது. வந்தது, நின்றது, திரும்ப உள்ளே போனது. தூங்கி எழுந்தவர் வாயைப் போல ஒரு புளித்த நாற்றம். மறுபடி வந்தது. மறுபடி உள்ளே போனது.

"ச்சீ, நாயே!" என்று கையை உதறினாள். மூடியைப் பிடித்து இழுத்தாள். திறக்கவில்லை. தூக்கி வெளியே எறியலாம் என்று பார்த்தால், ஒற்றைக் கையால் தூக்குகிற பெட்டி தரையோடு பற்றவைத்ததுபோல அசைய மறுத்தது. காலால் எட்டி உதைத்தாள். கால்தான் வலித்தது.

"எந்திரிடா. கிளம்புறோம்."

தோளைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள். ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த பாட்டில் மாதிரி இருந்தான். சர்க்கரை இறங்கிவிட்டதா? வியர்வை இல்லையே. அவசரமாக அவன் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. இந்தப் புழுக்கத்தில் அவன் இமை மயிரில் வெள்ளையாக என்னவோ பூத்திருந்தது. தடவினாள். பனி.

"அக்கா, குளுருது," என்றான், கண் திறக்காமல்.

பெட்டி எதைத் தின்று ஓடுகிறது என்று அப்போது புரிந்தது.

பிளக்கை எடுத்து, ஓட்டுகிற சீட்டுக்குப் பின்னால் இருந்த பேட்டரியின் சாக்கெட்டில் அடித்துச் செருகினாள். மீட்டர் ஊசி கிடுகிடுவென்று சரிந்தது. அவன் உதட்டில் மெல்ல நிறம் வந்தது. நம்ப முடியாமல் ஒரே ஒரு தடவை பிடுங்கிப் பார்த்தாள். ஊசி நின்றது, அவன் பல் கிட்டியது. திரும்பச் செருகினாள்.

"சரி. இதைத் தின்னு. வயிறு வெடிக்கத் தின்னு. அவனை விட்டுடு."

முன்னால் ஏறி என்ஜினைக் கிளப்பினாள். ஓடுகிறவரை சார்ஜ் ஏறும். மேட்டைத் தாண்டினால் சரிவு, சரிவின் அடியில் ஊர், ஊரில் ஆஸ்பத்திரி. அதுவரைக்கும் போதும். இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டாள். போட்ட விளக்கு மஞ்சளாகி, சிவந்து, சுருங்கியது. பின்னால் உறுமல் பெருத்தது. இரண்டாவது பேட்டரி தீர்ந்து, முதலாவதையும் அது உறிஞ்சிக்கொண்டிருந்தது. மேட்டின் உச்சியில் என்ஜின் இருமியது. நின்றது.

விளக்குகளும் போயின. ஹேண்ட்பிரேக்கை இழுத்து வேனை நிறுத்தினாள். கீழே ஊரின் வெளிச்சம் தெரிந்தது. பின்னால் தம்பியின் மூச்சு நீளமாக இழுபட்டு, நடுவில் அறுந்தது.

அவளுக்கு வந்தது பயம் இல்லை. ஆத்திரம். பயம் எல்லாம் அதன் அடியில் கிடந்தது.

"அவன்கிட்ட என்னத்தக் கண்டே? வதங்கின பய! என்கிட்ட வா. வாடி, பாத்துடுவோம்!"

சீட்டுக்குப் பின்னால் கைவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள். அதன் மொட்டை முனையை இடது உள்ளங்கையில் அழுத்தி, விரல்களை இறுக்கி மூடினாள்.

உள்ளங்கையிலிருந்து சூடு இறங்கிப் போனது. மணிக்கட்டு. முழங்கை. பின்னால் மூச்சு திரும்ப வந்தது.

ஹேண்ட்பிரேக்கை வலது கையால் விடுவித்தாள். வேன் உருண்டது. என்ஜின் இல்லாத ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. பிரேக்கில் ஏறி நின்றால்தான் கொஞ்சமாவது பிடித்தது. ஒரு வளைவு. இன்னொன்று. காற்று. டயர் சத்தம். இடது கையைப் பார்த்தாள். விரல் நகம் வரை வெளுத்திருந்தது. வலி இல்லை. அதுதான் கெட்டது. இருந்தாலும் பிடி பிடிதான்.

"தின்னு. நான் அவ்ளோ சீக்கிரம் தீர மாட்டேன்."

உறுமல் டக்கென்று நின்றது.

பின்னால் மூடி திறக்கிற சத்தம். புளித்த மூச்சு பிடரியில் பட்டது. அவள் திரும்பவில்லை. வளைவு இருந்தது, பாதை இருந்தது, ஆஸ்பத்திரி விளக்கு கண்ணுக்கு எட்டியிருந்தது. ஈரமான எதுவோ தரையில் வழுக்கி, பலகையின் மேல் ஊர்ந்து ஏறியது.

பிறகு தம்பியின் குரல். தெளிவாக, தூக்கக் கலக்கத்தில், நிம்மதியாக.

"அக்கா... தலையைத் தடவிக்கிட்டே இரு. உன் கை எவ்ளோ சூடா இருக்கு."

அவளுடைய வலது கை ஸ்டீயரிங்கில் இருந்தது. இடது கை மடியில், தோள் வரை வெள்ளையாக, பிளக்கைப் பிடித்தபடி. அதிலிருந்து இறங்கிய சூடுதான் பின்னால் அவனைத் தடவிக்கொண்டிருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான்தான்டா. கண்ணை மட்டும் திறக்காதே. தூங்கு."

ஊர் வெளிச்சம் விழுந்த பின்பார்வைக் கண்ணாடியில், அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டியது.