ஓர் ஆள் அகலம்

அலமாரிக் கதவு திறக்கவில்லை. ஆரபி ஓர் உதை விட்டாள். திறந்தது.

"இதே மாதிரி பந்தை உதைச்சா நல்லாருக்கும்," என்றார் அம்மா.

அம்மாவின் பெயர் இரஞ்சிதம். ரூசா ரோவர்ஸ் காற்பந்துக் குழுவின் செயலாளர். ஆரபிக்குப் பதினொரு வயது. அதே குழுவின் சிறுவர் அணியில் ஆடுகிறாள். அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் குழுவுக்கு ஓர் அறை உண்டு. அந்த அறையில்தான் அலமாரி.

நூலகத்தில் ஒரு கண்காட்சி வரப்போகிறது. குவீன்ஸ்டவுன் பேட்டையின் பழைய குழுக்களைப் பற்றியது. நான்கு மொழிகளிலும் ஒவ்வொரு பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தமிழ்ப் பக்கம் ஆரபிக்கு வந்தது.

"ஏன் நான்?"

"மத்தவங்க எல்லாம் ஓடிட்டாங்க."

ஆரபி பழைய ஏடுகளைப் படித்தாள். பிறகு எழுதினாள்.

'கம்போங் ரூசா என்ற கம்பம் (கிராமம்) இங்கே இருந்தது. ரூசா என்றால் மலாயில் மான். எங்கள் சின்னத்தில் இருக்கும் மான் ஆடு மாதிரி இருக்கும். வரைந்தவர் மானைப் பார்த்ததில்லை. 1952இல் கம்பத்து ஆட்கள் சேற்றை மண் போட்டு நிரப்பி மைதானம் ஆக்கினார்கள். தென்னை மரத்தை வெட்டிக் கோல் கம்பம் நட்டார்கள். 1976இல் இரண்டாம் பிரிவு லீக்கில் சேர்ந்தார்கள். பகலில் வேலை பார்த்தார்கள். மாலையில் ஆடினார்கள். ஆட்டத்துக்குக் கொஞ்சம் பணமும் கிடைத்தது. மூன்று வருடம் அப்படி ஆடினார்கள். 1978இல் தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார்கள். அதே வருடம் கம்பத்தை இடித்துவிட்டார்கள். எல்லாரும் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். மைதானம் மட்டும் மிஞ்சியது.'

அந்த மைதானமும் அடுத்த மாதம் போய்விடும். அங்கே புதிய புளோக் வருகிறது. சனிக்கிழமை கடைசியாக ஓர் அணிப்படம் எடுக்கிறார்கள்.

ஆரபி பழைய அணிப்படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். பழைய ஆட்டக்காரர்களும் புதியவர்களும் சேர்ந்து நிற்கும் படங்கள். 1978இலிருந்து வருடத்துக்கு ஒன்று.

எல்லாவற்றிலும் ஓர் இடைவெளி இருந்தது. பின்வரிசையில், இடமிருந்து இரண்டாவது இடம். யாரும் நிற்கவில்லை. பின்னால் வேலி தெரிந்தது.

அவளுக்கு அந்த இடைவெளி தெரியும். எல்லாருக்கும் தெரியும். ராசியான இடம் என்று பயிற்சியாளர் சொல்வார். பேய் நிற்கிற இடம் என்று சின்னப் பையன்கள் சொல்வார்கள்.

1978ஆம் வருடப் படத்தில் மட்டும் அங்கே ஒருவர் நின்றார். உயரமானவர். கையில் கோல்கீப்பர் உறை. பல் தெரியச் சிரித்தார்.

*

"அது மருது," என்றார் ஹுசைன் அங்கிள்.

அவர்தான் குழுவின் தலைவர். 1978இல் அணித்தலைவர். இப்போது எழுபத்திரண்டு வயது. அறை வாசலில் உட்கார்ந்து பால் இல்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார்.

"மருதப்பன். நல்ல கீப்பர். கடைசி ஆட்டம். கடைசி நிமிஷம். பந்து அவன் காலுக்கு நடுவுல போயிடுச்சு. நாங்க இறங்கிட்டோம்."

"அப்புறம்?"

"நான் கத்திட்டேன். எல்லார் முன்னாடியும். உன் காலுக்கு நடுவுல லாரியே போகும்டான்னு."

ஆரபிக்குச் சிரிப்பு வந்தது. ஹுசைன் அங்கிளுக்கு வரவில்லை. அவள் நிறுத்திக்கொண்டாள்.

"கையுறையக் கழட்டிப் போட்டுட்டுப் போனான். அடுத்த மாசம் கம்பத்தை உடைச்சாங்க. எங்களுக்கெல்லாம் இங்க வீடு கிடைச்சுது. அவனுக்கு வேற எங்கயோ. அடுத்த வருஷம் படம் எடுக்கும்போது அவன் இடத்துல யாரையும் நிக்க விடலை. வருவான்னு நினைச்சேன்."

"கூப்பிட்டீங்களா?"

"வருஷா வருஷம் கடிதம் போட்டோம். திருப்பி அனுப்பிடுவான். பிரிக்கக்கூட மாட்டான். இன்னும் கோபம் லா."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இந்த வருஷம் இடைவெளி வேணாம். கடைசிப் படம். எல்லாரும் நெருங்கி நிப்போம்."

ஆரபிக்கு ரோஷினியின் ஞாபகம் வந்தது.

ரோஷினி சிறுவர் அணியில் இடது பக்கம் ஆடுவாள். போன வருடம் வரை எதிர்வீடு. பிறகு பாசிர் ரிஸ் போய்விட்டாள். லாரியில் சாமான் ஏற்றிய அன்று ஆரபி கதவைத் திறக்கவில்லை. "போறவ போகட்டும்," என்று உள்ளே இருந்தே கத்தினாள். அது ரோஷினிக்குக் கேட்டிருக்கும். அதன்பிறகு இருவரும் பேசவில்லை.

*

கடிதங்கள் அலமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. ஆரபி எண்ணினாள். நாற்பத்து நான்கு. கோவிட் வந்த இரண்டு வருடம் படமே எடுக்கவில்லை.

ஒன்றும் பிரிக்கப்படவில்லை. எல்லாவற்றிலும் சிவப்பு முத்திரை இருந்தது. 'அனுப்பியவருக்கே திருப்புக.' முதல் உறையின் மூலையில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். 'மருது இன்னும் கோபமாக இருக்கிறான்.'

அவள் முகவரியைப் படித்தாள். அடுத்த உறையைப் படித்தாள். கடைசி உறையையும் படித்தாள்.

"அம்மா. இந்த முகவரி யார் எழுதினது?"

"பழைய பட்டியல் ஒண்ணு இருக்கு. அதைப் பார்த்துத்தான் எல்லாச் செயலாளரும் எழுதுவாங்க. போன ரெண்டு வருஷம் நான்தான் எழுதினேன்."

"படிச்சுப் பாருங்க."

அம்மா படித்தார். "பதினாலு பி, கம்போங் ரூசா."

"கம்பத்தை எப்ப இடிச்சாங்க?"

அம்மா முகவரியை மறுபடி பார்த்தார்.

"எழுபத்தெட்டுல," என்றாள் ஆரபி. "முதல் கடிதம் எழுபத்தொம்பதுல. அங்க வீடே இல்ல. இப்ப அது நம்ம கார்பார்க்."

"ஐயோ. நான் கார்பார்க்குக்கா கடிதம் போட்டேன்?"

"ரெண்டு தடவை."

மற்றவர்கள் முகவரியும் அந்தப் பட்டியலில் பழையதுதான். ஆனால் மற்றவர்கள் தினமும் மைதானத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு நேரிலேயே சொல்லிவிடுவார்கள். கடிதம் தேவைப்பட்டது ஒரே ஓர் ஆளுக்கு. அவருக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

வாசலிலிருந்து எழுந்து வந்த ஹுசைன் அங்கிள் உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அவன் திருப்பி அனுப்பலயா?"

"அவருக்கு வரவே இல்ல, அங்கிள்."

அவர் உறைகளை ஒவ்வொன்றாக டின்னுக்குள் வைத்தார்.

"அவருக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" என்று ஆரபி கேட்டாள்.

"தங்கச்சி இருக்கு. பாக்கியலட்சுமி. தேக்காவுல பூக்கடை. தீபாவளிக்குப் போனா பார்ப்பேன்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கேட்டா, உன் பேச்சையே எடுக்க வேணாம்னு சொல்லிட்டான்னு சொல்லிடுமோன்னுதான்."

நாற்பத்தாறு வருடம். அந்தக் கேள்வியைத் தவிர்க்க ஹுசைன் அங்கிள் எதிர்ப்பக்கப் பூக்கடையில் பூ வாங்கியிருக்கிறார்.

*

மறுநாள் அம்மாவும் ஆரபியும் தேக்காவுக்குப் போனார்கள். டின் ஆரபியின் மடியில் இருந்தது. ஹுசைன் அங்கிள் வரவில்லை. முழங்கால் வலி என்றார். காலையில் அதே முழங்காலோடு அவர் மைதானத்தை இரண்டு சுற்று நடந்ததை ஆரபி பார்த்திருந்தாள்.

பாக்கியலட்சுமி மல்லிகைச் சரத்தை முழம் போட்டுக்கொண்டே கேட்டார். "ரூசா ரோவர்ஸா? அந்த ஆடு போட்ட சட்டை?"

"மான், ஆன்ட்டி."

"ஆடுதான். வீட்டுல இன்னும் ஒண்ணு வெச்சிருக்கார் எங்க அண்ணன். யாரையும் தொட விடமாட்டார்." அவர் ஒரு காகிதத்தில் முகவரி எழுதினார். "கேலாங். சிவன் கோயில் பக்கம். இன்னைக்கே போங்க. அப்புறம்னு சொன்னா யாரும் போகமாட்டாங்க."

ஆரபி அந்த முகவரியை இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.

*

பச்சை வழித்தட ரயிலின் நெற்றியில் 'பாசிர் ரிஸ்' என்று எழுதியிருந்தது. கடைசி நிலையம். அல்ஜுனிட் நிலையத்தில் ஆரபியும் அம்மாவும் இறங்கினார்கள். கதவு மூடியது. ரயில் அவர்கள் இல்லாமல் கிழக்கே போனது. ஆரபி அது மறையும்வரை நின்றாள்.

"என்ன?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்ல."

சுவரில் வழித்தடப் படம் இருந்தது. ஆரபி விரலால் எண்ணினாள். குவீன்ஸ்டவுனிலிருந்து இந்த நிலையம் பத்தாவது நிறுத்தம். பாசிர் ரிஸ் பதினெட்டாவது.

மருதப்பன் கதவைத் திறந்தார். உயரம் அப்படியே இருந்தது. தலைமுடி இல்லை. வயிறு புதிது.

ஆரபி டின்னை நீட்டினாள். "உங்களுக்குக் கடிதம் வந்திருக்கு, அங்கிள்."

அவர் ஓர் உறையைப் பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். எல்லாவற்றிலும் ஒரே செய்திதான். 'அணிப்படம் எடுக்கிறோம். உன் இடம் இருக்கிறது.'

"வருஷா வருஷமா?"

"கோவிட் வருஷம் தவிர."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு தடவை உங்க படத்தை ஃபேஸ்புக்ல பார்த்தேன். நடுவுல ஓட்டை. சரி, ஆள் பத்தலை போலன்னு நினைச்சேன்."

"பத்தலைதான்," என்றாள் ஆரபி.

மருதப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் பந்தை நான் பிடிச்சிருக்கணும்," என்றார்.

"சனிக்கிழமை. ஆறு மணி," என்றாள் ஆரபி. "வருவீங்களா?"

அவர் உறைகளை வருட வாரியாக அடுக்கத் தொடங்கினார்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் ஆரபி அம்மாவின் கைப்பேசியை வாங்கினாள். ரோஷினிக்கு ஒரு செய்தி எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள்.

'சனிக்கிழமை படம். ஆறு மணி. அன்னைக்கு நான் கத்தினது தப்பு. உன் இடம் இருக்கு.'

பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

*

சனிக்கிழமை மாலை மைதானம் நிறைய ஆட்கள். வேலி ஓரத்தில் கட்டடக்காரர்கள் பலகை நட்டிருந்தார்கள்.

படம் எடுப்பவர் கூப்பிட்டார். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். இடைவெளியை மூடும்படி ஹுசைன் அங்கிள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஆறு மணி ஆயிற்று. ஆறு பத்து ஆயிற்று.

வாசலில் ஒரு பழைய நீலச் சட்டை தெரிந்தது. நெஞ்சில் ஆடு. வயிற்றுப் பக்கம் பொத்தான் போட முடியவில்லை. உள்ளே வெள்ளைப் பனியன்.

மருதப்பன் நேராக நடந்து வந்தார். இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"லேட்டு," என்றார் ஹுசைன் அங்கிள்.

"கடிதம் இப்பத்தான்டா கிடைச்சுது."

ஹுசைன் அங்கிள் அவர் கையைப் பிடித்தார். விடவில்லை. அப்படியே இழுத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் நிறுத்தினார். இடமிருந்து இரண்டாவது இடம். இடம் போதவில்லை. வரிசையில் எல்லாரும் ஆளுக்கு ஓர் அடி நகர்ந்தார்கள்.

"காலைச் சேர்த்து வெச்சு நில்லுடா," என்றார் ஹுசைன் அங்கிள்.

முதலில் சிரித்தவர் மருதப்பன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் படம் எடுத்தாகிவிட்டது.

"அடுத்தது சின்னவங்க!"

சிறுவர் அணி வரிசையில் நின்றது. ஆரபி இடது பக்கம் நின்றாள். பக்கத்துப் பையனிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றாள்.

"நெருங்கி நில்லும்மா. நடுவுல இடைவெளி தெரியுது."

"தெரியட்டும், அங்கிள்."

"சரி. ரெடியா?"

"ஆரபி!" அம்மா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ரோஷினி! இப்பத்தான் அனுப்பியிருக்கா. 'ட்ரெய்ன்ல இருக்கேன். இன்னும் பத்து ஸ்டேஷன். வெயிட் பண்ணச் சொல்லு.' அதுக்குக் கீழ ஒண்ணு. 'அன்னைக்கு நல்லாக் கேட்டுச்சு.' அப்புறம் ஒரு சிரிப்பு முகம்."

படம் எடுப்பவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து ஸ்டேஷனா? அரை மணி நேரம் ஆகும். வெளிச்சம் போயிடும்."

"போகாது, தம்பி," என்றார் மருதப்பன். "ஏழு மணி வரைக்கும் இருக்கும். இங்க நான் பந்து பிடிச்சிருக்கேன். எனக்குத் தெரியும்."

"சில நேரம் பிடிச்சே," என்றார் ஹுசைன் அங்கிள்.

படம் எடுப்பவர் கேமராவை மூடினார். ஒரு பந்தை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

பையன்கள் வரிசையைக் கலைத்துவிட்டு விளையாட ஓடினார்கள். ஆரபி மட்டும் நகரவில்லை. அவள் பக்கத்தில், ஓர் ஆள் அகலத்துக்கு, மாலை வெயில் புல்மேல் விழுந்திருந்தது.