உட்கூரையில் கோடிச் சேலை

ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவின் பின்வாசலுக்குக் குழந்தைவேலு தையல் பெட்டியோடு வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வெள்ளைக்காரத் துரை ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய கட்டிலில் இப்போது ஒரு ஜப்பானிய அதிகாரி படுத்து எழுந்துகொண்டிருந்தார். மலாயாவின் பீடோங் வட்டாரத்தில் அந்தப் பங்களாவைக் கடக்கிறவர்கள் தலையை நிமிர்த்துவதில்லை. தையல்காரன் மட்டும் விதிவிலக்கா என்ன? கூப்பிட்டு அனுப்பியதால், குனிந்த தலையோடுதான் வந்திருந்தான்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தர்மலிங்கம் அவனைக் கூடத்துக்குள் அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். அதிகாரிக்குச் சினிமாப் பைத்தியம். டவுனிலிருந்து படம் காட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து கூடத்திலேயே வைத்துவிட்டார். மத்தியானங்களில் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படம் ஓடும். ஆனால் உட்கூரை முழுக்க வெள்ளைச் சாயம் அடித்த பலகை. திரையில் விழும் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, படமே கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளிறிப்போகிறது. பலகையை மறைத்துக் கறுப்புத் துணி அடிக்க வேண்டும்.

ஆளாளுக்குக் கோணிச்சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. துணிக்கு எங்கே போவது என்று குழந்தைவேலு கேட்டான். குண்டுவீச்சுக்குப் பயந்து துரை ஜன்னல்களில் மாட்டியிருந்த கறுப்புத் திரைகளைக் கிராணி காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சயாமுக்குப் போற அடுத்த கூட்டத்துல ஒன் பேரு இருக்கு. இத நல்லா முடிச்சிக் குடு, எடுத்துடலாம்னு ஜப்பான் துவான் சொல்லிட்டாரு."

சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களில் அந்தத் தோட்டத்துக்கு ஒருவரும் திரும்பி வரவில்லை. வீட்டில் நவமணிக்கு நிறைமாதம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று வயிறு தவிர மற்றதெல்லாம் எலும்பாகியிருந்தாள். அவனை விட்டால் அவளுக்கு நாதியில்லை. அன்றைக்கே வேலையைத் தொடங்கினான்.

திரைகளைப் பிரித்து ஒட்டுப்போட்டுத் தைத்துப் பார்த்தால், கூடத்தின் நடுவே ஒரு சேலை அளவுக்குத் துணி போதவில்லை. பீடோங் கடைத்தெருவில் ஜலீல் பாயின் ஜவுளிக்கடைக்குப் போய் நின்றான். அவர் காலி அலமாரிகளைக் காட்டி, அடக்கம் பண்ணும் மையத்துக்குச் சுற்றவே துணியில்லாமல் தவிக்கிறோம் என்றார்.

அதைக் கேட்டதும் அவனுக்குக் கோடிச் சேலை நினைவுக்கு வந்தது.

செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கோடி போட வேண்டும். புதுச் சேலையை உடல்மேல் போர்த்தி அனுப்பினால்தான் அவள் போகிற வழிக்குப் போவாள். காய்ச்சலும் பசியும் கூலிகளின் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஆட்களை வாரிக்கொண்டு போன நாளில் புதுச் சேலைக்கு யாரால் முடியும்? தோட்டத்துச் சனங்கள் கூடிப் பேசி ஒரு வழி பண்ணினார்கள். அவர்களில் ஒருத்தியான மருதம்மாள் உடுத்தாமல் வைத்திருந்த அரக்குச் சேலையைக் கேட்டு வாங்கி, தோட்டத்துக்கே பொதுக் கோடியாக்கினார்கள். எந்தப் பெண் செத்தாலும் அதைப் போர்த்துவது. குழியில் இறக்குமுன் உருவி, அலசி, மடித்து வைப்பது. கிழிந்தால் தைக்க வேண்டுமே என்று அதைக் குழந்தைவேலு வீட்டில் கொடுத்து வைத்திருந்தார்கள்.

அவன் யாரையும் கேட்கவில்லை. மங்குஸ்தீன் தோலும் துருப்பிடித்த ஆணிகளும் ஊறிய தண்ணீரில் சேலையை முக்கி எடுத்தான். அரக்கு மறைந்து கரியானது. நவமணி கேட்டதற்குப் பங்களாத் துணி என்று சொல்லிவிட்டான்.

ஏணியில் ஏறி, துணியின் ஓரத்தில் மெல்லிய மூங்கில் பட்டையை வைத்து ஆணி அடித்துக்கொண்டே போனான். நடுத்துண்டுக்கு வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அதை விரித்துப் பிடித்ததும் வாசனை இறங்கியது. மஞ்சள், சாம்பிராணி, அதற்கடியில் காய்ச்சல்காரர்கள் நாள்கணக்காய்ப் படுத்த பாயின் நாற்றம்.

சாயத்தில் முக்கி அலசிய துணியில் அது எப்படி இருக்கும்?

மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்து முடித்தான். பலகையோடு ஒட்ட இழுத்து அடித்திருந்தான். இடையில் ஒரு காகிதம் நுழையாது.

முதல் படம் ஓடிய மத்தியானம், துணி நிற்கிறதா என்று பார்க்க அவனையும் சுவரோரம் நிற்க வைத்தார்கள். படம் பளிச்சென்று விழுந்தது. அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினார். குழந்தைவேலுவின் கண் மட்டும் மேலேயே இருந்தது.

நடுத்துண்டு தொய்ந்திருந்தது.

ஆணி கழன்றிருக்கும் என்று தேற்றிக்கொண்டான். திரையில் வெளிச்சம் கூடியபோது அந்தத் தொய்வுக்கு ஒரு வடிவம் தெரிந்தது. தலை. தோள். இடுப்பு. ஒரு பெண் துணிக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து ஜன்னல்களைத் திறந்தார்கள். துணி விறைப்பாக இருந்தது.

அந்த வாரமே ராக்காயி காய்ச்சலில் செத்தாள். லயத்தில் அவனுக்கு நாலு வீடு தள்ளி இருந்த பெண். அவளுடைய தாய் பிச்சையம்மாள், அழுது வற்றிய முகத்தோடு வந்து வாசலில் நின்றாள்.

"தம்பி, எம்மவளுக்குப் போத்தணும். அந்தக் கோடியக் குடு."

நவமணி பெட்டியைத் திறக்க எழுந்தாள். குழந்தைவேலு கையமர்த்தினான்.

"எலி கடிச்சிக் கொதறிருச்சிக்கா. எரிச்சிட்டேன்."

பிச்சையம்மாள் அதை நம்பினாள். பொல்லாத காலம், நீ என்ன செய்வாய் என்று அவனுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும். ராக்காயியைக் கோணிச்சாக்கில் சுற்றிப் புதைத்தார்கள். குழியில் மண் தள்ளியவர்களில் அவனும் ஒருவன். சாக்கின் ஓரத்தில் வெளியே தெரிந்த அவள் பாதத்தை மூடத்தான் முதலில் மண் தள்ளினான்.

அடுத்த படத்தின்போது மேலே ஒருத்தி மட்டும் இல்லை.

பக்கத்தில் இன்னொரு தலை. அதற்கப்பால் இன்னொன்று. இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். கூடத்தில் வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை; சிப்பாய்கள் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து ஒரு கை, ஜவுளிக்கடையில் சேலை எடுக்க வந்தவளைப் போல, துணியை மெல்லத் தடவிப் பார்த்தது.

அதன்பிறகு அவனுக்குக் கிழங்கும் இறங்கவில்லை. நவமணி தன் பங்கை அவன் பக்கம் தள்ளும்போதெல்லாம், இதைத் தின்ன எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கூசினான். சயாமில் செத்தாலும் சாகலாம், இந்தப் பாவத்தோடு பிள்ளையைக் கையில் வாங்க முடியாது என்று முடிவெடுத்தான்.

அதிகாரி பெண்டாங் டவுனுக்குப் போயிருந்த ஒரு காலையில் ஏணியில் ஏறி நடுத்துண்டைப் பிய்த்தெடுத்தான். பின்னால் வெறும் வெள்ளைப் பலகை. துணியைச் சுருட்டிக்கொண்டு நேரே பிச்சையம்மாளிடம் போய், நடந்ததையெல்லாம் சொல்லிக் காலில் விழுந்தான். அவள் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ராக்காயியின் மேட்டைத் தோண்டி, கறுத்துப்போன கோடியை அவள்மேல் போர்த்தி, திரும்ப மூடினார்கள்.

பிச்சையம்மாள் மற்ற மேடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இவளுக்குப் போட்டாச்சி. மத்தவங்களுக்கெல்லாம் போத்திட்டு உருவிட்டோமே, தம்பி."

வீட்டுக்கு வந்து நவமணியிடம் உண்மையைச் சொன்னான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். பிறகு சயாமுக்குப் போக அவனுடைய துணிமணியை மூட்டை கட்டினாள். பொழுது சாயுமுன் கிராணி தர்மலிங்கம் வந்தார். குழந்தைவேலு மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. துவான் மத்தியானம் வந்ததும் படம் பார்த்தாராம், இவ்வளவு தெளிவாக எந்தக் கொட்டகையிலும் பார்த்ததில்லையாம்.

"மேல சிலிங்கு இருக்கறதே தெரியலன்னு சொல்றாருலா. ஒன் பேர எடுத்தாச்சி. இனிமே படம் போடறப்பல்லாம் நீ அங்க நிக்கணுமாம், அவ்வளவுதான்."

நவமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். பிழைத்துக்கொண்டோம் என்று அவள் சொன்னது அவன் காதில் விழவேயில்லை.

பங்களாவுக்கு ஓடினான். கூடத்தில் யாருமில்லை. ஒரு ஜன்னலை மட்டும் திறந்து அண்ணாந்து பார்த்தான்.

நடுவில் வெள்ளை இல்லை.

ஆணி இல்லை, தையல் இல்லை, மூங்கில் பட்டையும் இல்லை. அவன் பிய்த்தெடுத்த இடம் ஓரத்துத் திரைகளைவிடக் கறுப்பாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதுவரை போய் நின்றுவிட்டது.

மூலையில் கிடந்த மூங்கில் கழியை எடுத்து மேலே நீட்டினான். பலகையில் முட்ட வேண்டிய இடத்தில் முட்டவில்லை. இன்னும் உயர்த்தினான். கழி போய்க்கொண்டே இருந்தது. நுனிக்காலில் எம்பிக் கையை முழுக்க நீட்டியும் தட்டுப்படவில்லை.

மேல் நுனியை யாரோ மெதுவாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்கு?" என்றது ஒரு பெண் குரல்.

அதற்குப் பக்கத்திலிருந்து இன்னொருத்தி கேட்டாள். "எனக்கு?"