உள்ளங்கையில் ஒரு முஷ்டி

அக்கா, நான் வாலு. இருப்பது வெளிநாட்டில், ஒரு பெரிய ஓட்டலின் பின்கட்டில், சலவைக் கூடத்தில். இருபத்து நாலு வயதாகிவிட்டதென்று அம்மா எனக்குப் பெண் பார்ப்பதாகச் சொன்னாயே, அதற்குப் பதில் இது. கோபம் இன்னும் அடங்கவில்லை... அதோடே சொல்கிறேன்.

இங்கே ஆளுக்கொரு நாடு, ஆளுக்கொரு பாஷை. இயந்திர இரைச்சலில் எந்தப் பாஷையும் கேட்காது. அதனால் கம்பெனி புதிதாக ஒரு கைப்பாஷை செய்யச் சொல்லி, செய்தவளையே கற்றுத்தர அனுப்பியது. தூக்கு, மடி, சீக்கிரம்... சாப்பாட்டு அறையில் வகுப்பு. முடிந்ததும் ‘அப்பாடா’ என்று உட்கார்ந்தாள். அட, நம்ம ஆள். கண்ணைப் பார்த்தேன்... பார்த்திருக்கக் கூடாது.

“மேடம், கை சுட்டா எப்படிச் சொல்றது?”

“அது இதுல இல்லைங்க.”

“அப்ப சுடாதா?”

முகம் சிவந்துவிட்டது. “நக்கல் பண்ணாம கத்துக்கங்க.”

“அப்பாவுக்குப் புரியக் கூடாதுன்னு நானும் எங்க அக்காவும் ‘க’ பாஷை பேசுவோம். எழுத்துக்கு எழுத்து ‘க’ சேர்த்துப் பேசற சின்னப் பசங்க பாஷை. அதுலகூட ‘வேணாம்’னு சொல்லலாம். உங்களுதுல வெறும் உத்தரவுதான்.”

அடுத்த வாரமே, இஸ்திரி உருளையில் என் பக்கத்தில் வேலை செய்த ஒரு அம்மாவின் விரல்கள் துணியோடு போயின. சுவிட்ச் பக்கம் நின்றவனுக்கு நான் கத்தியது கேட்கவில்லை. காட்டச் சைகையும் இல்லை. ஓடி அணைப்பதற்குள் இரண்டு விரல் வெந்துவிட்டது.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில், கைப்பாஷை கற்றுத்தந்தவள் மழையில் நனைந்துகொண்டு நின்றாள்.

“‘நிறுத்து’ன்னு ஒண்ணு வச்சிருந்தேங்க. வேலை கெடும்னு கம்பெனியில எடுத்துட்டாங்க.”

“எடுக்க விட்டீங்க.”

இமையில் ஒரு மழைத்துளி விழாமல் நின்றது. “ஆமா... விட்டேன்.”

குடையை அவள் கையில் திணித்துவிட்டு நடந்தேன். அவ்வளவு கோபம்.

மறுநாள் வகுப்பில், மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முஷ்டியை உள்ளங்கையில் பதித்தாள். நிறுத்து. எல்லாரையும் செய்ய வைத்தாள். அங்கேயே அவள் வேலை போனது.

நான் உருளைக்குத் திரும்பியபோது, ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் மழையில் பையோடு போய்க்கொண்டிருந்தாள். கத்தினால் கேட்காது. கண்ணாடியைத் தட்டினேன். திரும்பினாள். முஷ்டியை உள்ளங்கையில் பதித்தேன்.

நின்றாள்.

வெளியே ஓடினேன்.

“என்னத்த நிறுத்தணும்?” கோபமாகத்தான் கேட்டாள்.

“போறத.”

“ஏன்?”

“உங்கள புடிச்சிருக்கு... அதுக்கு நீங்க சைகை வைக்கல.”

“வச்சிருந்தா அதையும் எடுத்திருப்பாங்க.” சிரிக்கவில்லை. என் குடையை விரித்து, பாதியை என் பக்கம் நீட்டினாள். “எனக்கும்தான்... போதுமா?”

அக்கா, நம்ம ‘க’ பாஷையில் வேண்டாம், அம்மாவிடம் நேராகவே சொல். பெண் பார்ப்பதை நிறுத்தச் சொல்.